புத்தகம் உங்களுடையது, எழுத்து யாருடையது?

கொலன்னாவையிலுள்ள எனது கடையில் கொப்பி, பேனை, பைல் கவர் ஆகியவற்றோடு ஒரு போட்டோ கொப்பி மெஷினும் இருக்கின்றது. பாடசாலை விடும் நேரத்தில் கடைக்கு முன்னால் பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள். அண்மையில் ஒரு நாள் உயர்தரம் படிக்கும் மாணவி ஒருவர் முந்நூறு பக்கத்துக்கும் மேலான ஒரு பாட நூலைக் கொண்டு வந்து, “நானா, இத முழுசா ஒரு கொப்பி எடுத்துத் தாங்க” என்றார்.

“முழுப் புத்தகமும் ஏலாது மகள். அது களவு” என்றேன்.

“ஏன் நானா களவு? இது எங்கட சாச்சி காசு குடுத்து வாங்கின புத்தகம்தானே.”

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. “சட்டம் அப்படித்தான்” என்று சமாளித்தேன். அந்தப் பிள்ளை விடவில்லை. எனது மேசையிலிருந்த கம்பியூட்டரைப் பார்த்துவிட்டு, “அப்ப இதில இருக்கிற சொப்ட்வெயார் எல்லாம் ஒரிஜினலா நானா?” என்று கேட்டார். அதற்கும் என்னிடம் பதில் இருக்கவில்லை. உண்மை என்னவென்றால், எனது பில் போடும் சொப்ட்வெயார் ஒரு நண்பர் சும்மா போட்டுத் தந்தது.

அன்று இரவு எனக்கு இரண்டு விடயங்கள் விளங்கின. முதலாவது, நாம் பிள்ளைகளிடம் ‘களவு’ என்று சொல்கின்றோமே தவிர, எது யாருடைய சொத்து என்று சொல்லிக் கொடுத்ததில்லை. இரண்டாவது, அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டிய நாமே அதைச் சரியாகப் படித்ததில்லை. ஆகவே இந்த வாரம் வர்த்தக சகோதரர்கள் தமது பிள்ளைகளோடு சேர்ந்து வாசிக்கக் கூடியதாக இந்த விடயத்தை எழுதுகின்றேன்.

ஒரு பொருள், இரண்டு சொத்து

அந்த மாணவியின் கேள்வி நியாயமானது. காசு கொடுத்து வாங்கிய புத்தகம் வாங்கியவருக்குத்தான் சொந்தம். அவர் அதை வாசிக்கலாம், இரவல் கொடுக்கலாம், அன்பளிப்புச் செய்யலாம், பழைய புத்தகமாக விற்கவும் செய்யலாம். மருதானைப் பக்கம் டி. ஆர். விஜேவர்தன மாவத்தையிலுள்ள பழைய புத்தகக் கடைகளை யார்தான் அறியாதவர்? அங்கே நடப்பது நேர்மையான வியாபாரம். யாரும் அதைத் தடுக்க முடியாது.

ஆனால் அந்தக் கடதாசிக் கட்டுக்குள் இன்னொரு சொத்தும் இருக்கின்றது. அதுதான் ஒருவர் பல நாள் உழைத்து எழுதிய எழுத்து. புத்தகத்தை வாங்கும்போது நாம் கடதாசியைத்தான் வாங்குகின்றோம். எழுத்தைப் பிரதி எடுத்துப் பெருக்கும் உரிமையை வாங்குவதில்லை. வாடகைக்கு வீடு எடுத்தவர் அதில் குடியிருக்கலாம், வீட்டின் உறுதியைத் தன் பெயருக்கு மாற்ற முடியாது அல்லவா? அதைப் போலத்தான் இதுவும்.

மனித மூளையின் உழைப்பால் உண்டாகும் இந்தச் சொத்தையே புலமைச் சொத்து என்கின்றார்கள். நமது நாட்டில் இதற்கு 1979ஆம் ஆண்டின் 52ஆம் இலக்கச் சட்டம் இருந்தது. அதன் இடத்துக்கு 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் வந்தது. மேலே சொன்ன பழைய புத்தகக் கடைகள் உள்ள அதே மாவத்தையில்தான் தேசிய புலமைச் சொத்து அலுவலகமும் இருக்கின்றது. புத்தகத்தை விற்கும் உரிமையும் எழுத்தைக் காக்கும் உரிமையும் ஒரே வீதியில் சண்டையின்றி இருக்கின்றன.

பிள்ளைகள் அறிய வேண்டிய வகைகள்

எழுத்து, பாடல், படம், புகைப்படம், கம்பியூட்டர் புரோகிராம் போன்றவற்றுக்கு உள்ளது பதிப்புரிமை. இதை எங்கும் பதிவு செய்யத் தேவையில்லை. ஆக்கம் உருவான அந்த நேரத்திலேயே உரிமையும் உண்டாகி விடுகின்றது. ஆக்கியோன் வாழும் காலமும், அவர் இறந்த பின் 70 வருடங்களும் அது நிலைக்கும்.

புதிய கண்டுபிடிப்புக்கு உள்ளது ஆக்கவுரிமை. இதற்கு விண்ணப்பித்துப் பெற வேண்டும். விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடங்கள். பொருளின் தோற்றத்துக்கு உள்ளது கைத்தொழில் வடிவமைப்பு. அதை முதலில் 5 வருடங்களுக்குப் பதிந்து, மேலும் இரண்டு தடவை ஐந்தைந்து வருடங்கள் புதுப்பிக்கலாம். வியாபாரப் பெயர், சின்னம் முதலியவை வியாபாரக் குறி. இதன் பதிவு 10 வருடங்களுக்கு. பின்னர் பத்துப் பத்து வருடமாகப் புதுப்பித்துக் கொண்டே போகலாம்.

பிள்ளைகளுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெறும் எண்ணத்துக்குப் பதிப்புரிமை கிடையாது. அதை வெளிப்படுத்திய விதத்துக்கே உண்டு. ‘வெள்ளத்தில் பிரிந்த இரு நண்பர்கள்’ என்ற கருவை வைத்து நூறு பேர் நூறு கதை எழுதலாம். ஒருவர் எழுதிய கதையை மற்றவர் பார்த்து எழுதித் தன் பெயரைப் போட முடியாது.

70 வருடக் கணக்குக்கு நம்மவரின் உதாரணம் ஒன்று உண்டு. அறிஞர் சித்திலெவ்வை 1885ஆம் ஆண்டு வெளியிட்ட ‘அஸன்பேயுடைய கதை’ தமிழில் எழுந்த முதல் நாவல்களில் ஒன்று. அவர் 1898இல் காலமானார். இன்று அந்தக் கதையை எவரும் யாரையும் கேட்காமல் அச்சிடலாம். ஆனால் அண்மையில் ஒருவர் அதற்கு எழுதிய முன்னுரையையும் குறிப்புக்களையும் சேர்த்து அச்சிடுவதென்றால் அவரிடம் கேட்டாக வேண்டும்.

டில்லியில் ஒரு போட்டோ கொப்பிக் கடை

என்னைப் போன்ற ஒரு சிறு கடைக்காரர் இந்த விடயத்தில் நீதிமன்றம் வரை போன வரலாறு இந்தியாவில் இருக்கின்றது. டில்லி பல்கலைக்கழகத்தின் பொருளியல் கல்லூரி வளவில் ராமேஷ்வரி போட்டோகொப்பி சேர்விஸ் என்று ஒரு கடை. பாடத்திட்டத்தில் விரிவுரையாளர்கள் குறிப்பிட்ட நூல்களிலிருந்து வேண்டிய பகுதிகளைப் பிரதி எடுத்து, ஒரு கட்டாகச் சேர்த்து மாணவர்களுக்குக் கொடுத்து வந்தது. அந்த நூல்களைத் தனித்தனியே வாங்க மாணவர்களுக்கு வசதி இல்லை.

2012 ஆகஸ்டில் ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகங்களும் டெய்லர் அன்ட் பிரான்சிஸ் நிறுவனமும் அந்தக் கடைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் எதிராக டில்லி மேல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தன. உலகப் பெரும் பதிப்பகங்கள் ஒரு பக்கம். போட்டோ கொப்பிக் கடை மறுபக்கம். மாணவர்களும் ஆசிரியர்களும் கடையின் பக்கம் நின்று வழக்கில் சேர்ந்து கொண்டார்கள். பொருளியலில் நோபல் பரிசு பெற்ற அமர்த்தியா சென் கூட இந்த வழக்கைத் தொடர வேண்டாமென்று பதிப்பகங்களைக் கேட்டுக் கொண்டார்.

2016 செப்டம்பர் 16ஆம் திகதி நீதிபதி ராஜீவ் சஹாய் எண்ட்லோ வழக்கைத் தள்ளுபடி செய்தார். கற்பித்தலின்போது ஆசிரியரோ மாணவரோ பிரதி எடுப்பதை இந்தியச் சட்டம் அனுமதிக்கின்றது. கற்பித்தல் என்பது வகுப்பில் பாடம் நடக்கும் நேரம் மட்டுமல்ல, பாடத்திட்டம் முழுவதும்தான் என்று நீதிமன்றம் விளக்கியது. அதே வருடம் டிசம்பரில் மேன்முறையீட்டை விசாரித்த இரு நீதிபதிகளும் இந்த விளக்கத்தை ஏற்றுக் கொண்டார்கள். ஆனால் பிரதி எடுத்த பகுதிகள் உண்மையிலேயே கற்பித்தலுக்குத் தேவைதானா என்பதை விசாரிக்குமாறு வழக்கைத் திருப்பி அனுப்பினார்கள். 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கையே வாபஸ் பெற்றன.

இலங்கையில் என்ன நிலை?

“டில்லியில் கடைக்காரர் வென்று விட்டார், ஆகவே நாமும் அடிக்கலாம்” என்று யாரும் அவசரப்பட வேண்டாம். அது இந்தியச் சட்டத்துக்கான தீர்ப்பு. முழுப் புத்தகங்களையும் அடித்து விற்பதற்கு அது அனுமதியும் அல்ல. நமது சட்டத்தின் சொற்கள் வேறு.

விமர்சனம், செய்தி, கற்பித்தல், ஆராய்ச்சி போன்ற தேவைகளுக்கு நியாயமாகப் பயன்படுத்துவதை நமது சட்டத்தின் 11ஆம் பிரிவு அனுமதிக்கின்றது. எது நியாயம் என்று பார்க்க நான்கு அளவுகோல்கள் உண்டு. நோக்கம் என்ன, அது காசு உழைப்பதற்கா? ஆக்கம் எத்தகையது? அதில் எவ்வளவு எடுக்கப்பட்டது? அதனால் அந்த நூலின் விற்பனை பாதிக்கப்படுமா? வியாபாரிகளாகிய நமக்கு நான்காவது கேள்வி நன்றாக விளங்கும்.

12ஆம் பிரிவு இன்னும் விபரமாகச் சொல்கின்றது. ஒருவர் தனது சொந்தத் தேவைக்கு ஒரு பிரதி எடுக்கலாம். ஆனால் முழுப் புத்தகத்தையோ அதன் பெரும் பகுதியையோ போட்டோ கொப்பி எடுப்பதற்கு இந்தச் சலுகை இல்லை. இலாப நோக்கமில்லாத கல்வி நிறுவனங்களில் நேரடிக் கற்பித்தலுக்குக் கட்டுரைகளையும் சிறு பகுதிகளையும் பிரதி எடுக்கலாம். அப்போதும் ஆக்கியோனின் பெயரையும் மூலத்தையும் குறிப்பிட வேண்டும்.

இலாப நோக்கமில்லாத என்ற சொல்லைக் கவனியுங்கள். காசு வாங்கி நடத்தும் டியூசன் வகுப்பு இந்தச் சலுகைக்குள் அடங்காது. அதே வேளை, டியூசன் ஆசிரியர் தானே எழுதிய டியூட்டுக்கு அவருக்கும் பதிப்புரிமை உண்டு. அதை வாட்ஸ்அப்பில் அனுப்புவதும், பிரதி எடுத்து விற்பதும் அவரது உழைப்பைப் பறிப்பதாகும்.

இன்டர்நெட்டில் இருப்பதெல்லாம் உரிமையாளர் இல்லாத பொருள் என்ற எண்ணமும் பிள்ளைகளிடம் இருக்கின்றது. அதுவும் தவறு. வீதியோரத்தில் நிறுத்திய கார் யாருக்கும் சொந்தமில்லை என்று ஆகிவிடுமா? அடுத்து, எழுதியவரின் பெயரைப் போடுவது வேறு, அனுமதி பெறுவது வேறு. சிறு மேற்கோளுக்குப் பெயர் போட்டால் போதும். ஒரு முழு அத்தியாயத்தை எடுத்துப் போட்டு அடியில் பெயரை எழுதுவதால் அனுமதி கிடைத்ததாக ஆகாது.

நமது கல்லாப்பெட்டிக்கு வருவோம்

பதிப்புரிமையை வேண்டுமென்றே மீறுவது நீதவான் நீதிமன்றத்தில் விசாரிக்கப்படும் குற்றம். ஐந்து இலட்சம் ரூபா வரை தண்டப்பணம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். இரண்டாம் தடவை அகப்பட்டால் இது இரட்டிப்பாகும். களவுப் பிரதியென்று தெரிந்தும் கம்பியூட்டர் புரோகிராமை வியாபார இலாபத்துக்குப் பயன்படுத்துபவரும் இதற்குள் அடங்குவார். எனது பில் சொப்ட்வெயாரைப் பற்றி அந்தப் பிள்ளை கேட்டது எவ்வளவு சரியான கேள்வி என்று இப்போது விளங்குகின்றதா?

சட்டம் மட்டுமல்ல. சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி 1988 டிசம்பரில் குவைத்தில் கூடியபோது, வியாபாரப் பெயர், வியாபாரக் குறி, நூலாக்கம், கண்டுபிடிப்பு ஆகியவை பணப் பெறுமதியுள்ள உரிமைகள் என்றும், அவற்றில் அத்துமீறுவது கூடாது என்றும் தீர்மானித்தது. தராசில் ஒரு கிராம் குறையக் கூடாதென்று பயப்படும் நாம், அடுத்தவர் உழைத்த புரோகிராமைச் சும்மா பாவிப்பதை மட்டும் கணக்கில் எடுக்காமல் இருக்க முடியாது.

இந்தச் சட்டம் நம்மைத் தண்டிக்க மட்டும் வந்ததல்ல, காக்கவும் வந்தது. உங்கள் மசாலாப் பக்கட்டின் பெயரும் சின்னமும் உங்கள் சொத்து. அதைப் பதிவு செய்து வையுங்கள். வெளியார் ஒருவரிடம் காசு கொடுத்து லேபல் வரைந்து எடுத்தால், அதன் உரிமையை உங்களுக்குத் தருவதாக எழுத்தில் கையொப்பம் வாங்குங்கள். காசு கொடுத்ததால் மட்டும் வரைந்தவரின் உரிமை உங்களுக்கு வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். சிக்கல் இருந்தால் சட்டத்தரணி ஒருவரைக் கேளுங்கள்.

ஏழைப் பிள்ளை என்ன செய்யும்?

நியாயமான கேள்வி இது. புத்தக விலை இன்று எல்லோருக்கும் எட்டுவதில்லை. ஆனால் வழிகள் இருக்கின்றன. பழைய புத்தகம் வாங்கலாம். மூன்று பிள்ளைகள் சேர்ந்து ஒரு புத்தகம் வாங்கி மாறி மாறிப் படிக்கலாம். வர்த்தகர்களாகிய நாம் பாடசாலை நூலகத்துக்கு உயர்தர நூல்களில் இரண்டிரண்டு பிரதி வாங்கிக் கொடுக்கலாம். ஒரு புத்தகம் நூலகத்தில் இருந்தால் வருடக் கணக்கில் பல பிள்ளைகள் படிப்பார்கள், எழுதியவருக்கும் அவரது பங்கு போய்ச் சேரும்.

நான் செய்ததையும் சொல்லி விடுகின்றேன். பில் சொப்ட்வெயாரைக் காசு கொடுத்து முறையாக வாங்கினேன். கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. போட்டோ கொப்பி மெஷினுக்கு மேலே, “முழுப் புத்தகம் பிரதி எடுக்கப்படமாட்டாது” என்று எழுதி ஒட்டினேன். சில வாடிக்கையாளர்கள் அடுத்த கடைக்குப் போனார்கள். அது நஷ்டம்தான், மறைக்கவில்லை.

பின்னர் ஒரு நாள் அந்த மாணவி வந்தார். இம்முறை பத்துப் பக்கம் மட்டும் கேட்டார். எடுத்துக் கொடுத்துவிட்டு, புத்தகத்துக்குள் இரண்டு சொத்து இருக்கும் கதையைச் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, “அப்ப நான் எழுதுற கட்டுரை எனக்குச் சொந்தமா நானா?” என்றார்.

“ஓம் மகள். எழுதின நேரத்தில இருந்தே.”

அந்தப் பிள்ளையின் முகத்தில் வந்த சந்தோசத்தை நான் முன்னர் பார்த்ததில்லை. தனக்கும் இப்படியொரு சொத்து உண்டென்று அறிந்த பிள்ளை, அடுத்தவர் சொத்தில் கை வைக்க யோசிக்கும். உங்கள் பிள்ளைகளிடமும் முதலில் அதைச் சொல்லுங்கள்.