யாக்கோபும் ஜேம்ஸும் ஒரே பெயர்தான்

மாற்கு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில் இயேசு சொந்த ஊருக்குத் திரும்பி வந்து போதிக்கிறார். ஊர்க்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. இவன் நமக்குத் தெரிந்த தச்சன்தானே, மரியாளின் மகன்தானே என்று பேசிக்கொண்டு, சகோதரர்களின் பெயர்களையும் வரிசையாகச் சொல்கிறார்கள்: யாக்கோபு, யோசே, யூதா, சீமோன். பெரும்பாலும் இந்த இடத்தை ஒரே மூச்சில் வாசித்துத் தாண்டிவிடுகிறோம். டீயை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். இந்தப் பெயர்களுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

யாக்கோபு யார்? இஸ்ரவேல் மக்களின் மூதாதை. அவருடைய பன்னிரண்டு மகன்களில் மூன்று பேர் யோசேப்பு, யூதா, சிமியோன். யோசே என்பது யோசேப்பின் சுருக்கம். சீமோனும் சிமியோனும் எபிரேயத்தில் ஒரே பெயர். தாயின் பெயர் மிரியாம், அதாவது மோசேயின் அக்காள் பெயர். இயேசுவின் பெயரோ மோசேக்குப் பின் மக்களை நடத்திப்போன யோசுவாவின் பெயர். ரோமர் ஆட்சியில் கலிலேயாவின் ஒரு சின்ன ஊரில், ஒரு தச்சர் குடும்பத்தில் முன்னோர் பெயர்களே புழங்கியிருக்கின்றன. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற நமக்கு இதன் அருமை சட்டென்று புரியும். ஆனால் தமிழில் படிக்கும்போது யோசுவா ஒருவர், இயேசு வேறொருவர். மிரியாம் ஒருத்தி, மரியாள் வேறொருத்தி. பெயர்களுக்கு நடுவே இருந்த உறவு காதில் விழுவதே இல்லை.

இது யாருடைய கவனக்குறைவும் இல்லை. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் யூதர்கள் தங்கள் வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்க்கத் தொடங்கினார்கள். அங்கே குடியேறியவர்களின் வீட்டு மொழியே கிரேக்கமாகிவிட்டிருந்தது. எழுபதின்மர் பெயர்ப்பு என்று அதைச் சொல்வார்கள். அந்த வேலையில் இருந்தவர் முன்னால் யெஹோஷுவா என்ற பெயர் வருகிறது. பேச்சு வழக்கில் அது யெஷுவா என்று குறுகியிருந்தது. கிரேக்கத்தில் ‘ஷ’ கிடையாது, ‘ஸ’ போட்டாக வேண்டும். கடைசியில் தொண்டைக்குள்ளிருந்து வருகிற ஓர் ஒலி உண்டு. அதற்கும் கிரேக்கத்தில் எழுத்து இல்லை, விட்டாக வேண்டும். ஆண் பெயர் வாக்கியத்தில் எழுவாயாக நிற்க வேண்டுமானால் ‘ஸ்’ என்று முடிவது அந்த மொழிக்கு வசதி. இப்படி யெஷுவா இயேசூஸ் ஆனது. நூனின் மகன் யோசுவாவுக்கும் அதே இயேசூஸ்தான். சில நூறு ஆண்டுகள் கழித்துப் புதிய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் எழுதியவர்கள், ஏற்கெனவே ஊரறிந்த அந்த வடிவத்தையே எடுத்துக்கொண்டார்கள்.

ஆக, கிரேக்கத்தில் படித்தவருக்கு இரண்டு பேரும் ஒரே பெயர்க்காரர்கள். எபிரெயருக்கு எழுதிய நிருபத்தின் நான்காம் அதிகாரம், எட்டாம் வசனத்தைப் பாருங்கள். மக்களுக்கு யோசுவா தந்த இளைப்பாறுதல் முடிவானதல்ல என்று அங்கே ஒரு வாதம் வருகிறது. கிரேக்கத்தில் அந்த இடத்தில் இருப்பது இயேசூஸ். அந்தப் பெயருடைய முதல் ஆளையும் அடுத்த ஆளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தித்தான் அந்த வாதம் காதில் விழுந்திருக்கும். 1611இல் அச்சான ஆங்கிலப் பெயர்ப்பு அங்கே இயேசு என்றே போட்டுவிட்டதால், ஆங்கிலத்தில் வாசித்தவர்கள் குழம்பிப்போனார்கள். தமிழில் யோசுவா என்று இருக்கிறது. குழப்பம் தீர்ந்தது, ஆனால் பெயர் ஒற்றுமையும் போய்விட்டது. இரண்டில் எது பெரிய இழப்பு என்று கேட்டால், எனக்கு இரண்டாவதுதான் வலிக்கிறது.

சில இடங்களில் தமிழ், ஆங்கிலத்தைவிட நன்றாகவே காப்பாற்றியிருக்கிறது. சீடர் யாக்கோபு கிரேக்கத்தில் யாக்கோபோஸ், லத்தீனில் யாக்கோபுஸ். பிற்கால லத்தீனில் அது யாக்கோமுஸ் என்றும் திரிந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் ஜேம்ஸ் ஆகிவிட்டது. ஸ்பெயினில் அதே பெயர் இயாகோ, புனிதர் பட்டம் சேர்ந்தால் சாந்தியாகோ. நம் ஊர்களில் சந்தியாகு என்று பெயர் வைத்தவர்கள் இருக்கிறார்களே, அவர்களும் யாக்கோபுகள்தான். ஆங்கில வேதத்தில் மூதாதை ஜேக்கப், சீடர் ஜேம்ஸ். தமிழில் இருவரும் யாக்கோபு. எலியாவும் அப்படித்தான், பழைய ஏற்பாட்டிலும் புதிய ஏற்பாட்டிலும் தமிழ் ஒரே வடிவத்தை வைத்திருக்கிறது.

தமிழ் தன் பங்குக்கும் ஒன்று செய்தது. சாரா, லேயா, மார்த்தா என்று விட்டுவிட்டால் பெண் பெயராகத் தோன்றாதென்று நினைத்தார்களோ என்னவோ, பழைய பெயர்ப்புகளில் ‘ள்’ சேர்த்துச் சாராள், லேயாள், மார்த்தாள், மரியாள் என்று ஆக்கியிருக்கிறார்கள். கிரேக்கர் ஆண் பெயருக்கு ‘ஸ்’ சேர்த்த அதே வேலைதான். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் அந்த ‘ள்’ஐ எடுத்துவிட்டது.

யூதாஸ் விஷயம் மட்டும் ஒலியால் வந்த மாற்றம் இல்லை. கிரேக்கத்தில் யாக்கோபின் மகன் யூதாவும் யூதாஸ், இயேசுவின் சகோதரரும் யூதாஸ், காட்டிக்கொடுத்தவனும் யூதாஸ். லூக்கா ஆறாம் அதிகாரத்துச் சீடர் பட்டியலில் இரண்டு யூதாஸ்கள் அடுத்தடுத்து நிற்கிறார்கள். தமிழ்ப் பெயர்ப்பு முதலாமவரை யூதா என்கிறது. அந்த ‘ஸ்’ காட்டிக்கொடுத்தவனுக்கு மட்டும் போய்ச் சேர்கிறது. சில ஆங்கிலப் பெயர்ப்புகளும் இதே பிரிப்பைச் செய்தன. நல்லவர் பெயரில் கறை படியக்கூடாது என்ற அக்கறை புரிகிறது. ஆனால் அவன் குலத்தந்தையின் பெயரைச் சுமந்தவன், அந்த மண்ணில் வெகு சாதாரணமான பெயருக்குச் சொந்தக்காரன் என்பது இதனால் மறைந்துபோகிறது. அவனைத் தனிப் பிறவியாக எண்ணிக்கொள்வது எளிதாகிவிடுகிறது. இது நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒலியை விட்டுப் பொருளைப் பிடித்துக்கொண்ட வழியும் உண்டு. அதை வேதத்துக்குள்ளேயே பார்க்கலாம். சீடர் சீமோனுக்கு இயேசு வைத்த பெயர் அரமேயத்தில் கேபா, பாறை. அதைக் கிரேக்கத்தில் பெயர்த்தபோது பெத்ரோஸ், அதிலிருந்து நம் பேதுரு. பவுலின் நிருபங்களில் சில இடங்களில் கேபா என்றே இருப்பதால் தமிழ் வாசகருக்கு ஒரே மனிதர் மூன்று பெயரில் வருகிறார். வீரமாமுனிவர் தேம்பாவணியில் இந்த வழியைத்தான் பிடித்தார். யோசேப்பு என்றால் பெருகச் செய்வார் என்று பொருள், எனவே வளன். யோவானின் எபிரேய வடிவத்துக்குக் கடவுள் இரங்கினார் என்று பொருள், எனவே கருணையன். கத்தோலிக்கர் வழக்கில் அதே யோவான் அருளப்பர். பவுல் என்பது லத்தீனில் சிறியவர், ஆகவே சின்னப்பர். அயல் ஒலி ஒன்றுகூட இல்லாமல் முழுத் தமிழாக நிற்கிற பெயர்கள் இவை. திருவிவிலியம் யோவான், பவுல் என்ற வடிவங்களை ஏற்றது. கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையினரும் ஒரே பெயரைச் சொல்லிப் படிக்க அது வழி செய்தது. அருளப்பனும் சின்னப்பனும் பள்ளி வருகைப் பதிவேட்டில் இன்னும் இருக்கிறார்கள், இருக்கவும் வேண்டும்.

இதே வேதப் பெயர்கள் அரபு வழியாக வந்த வரிசை தனி. மூஸா, ஈஸா, மர்யம், யூசுப், இப்ராகிம். ஒரே தெருவில் மோசேயும் மூஸாவும் குடியிருக்கிறார்கள்.

இனிமேல் பெயர்களை மாற்றச் சொல்லவில்லை. தலைமுறை தலைமுறையாக மக்கள் ஜெபித்த பெயரை யாரும் திருத்தக்கூடாது. புதுப் பதிப்பு கொண்டுவருகிறவர்கள் மூன்றே இடத்தில் ஒவ்வொரு வரி அடிக்குறிப்பு போட்டால் போதும். மாற்கு 6:3இல் இவை எந்த முன்னோரின் பெயர்கள் என்று. லூக்கா 6:16இல் இருவர் பெயரும் மூலத்தில் ஒன்றே என்று. எபிரெயர் 4:8இல், யோசுவா என்று இங்கே படிப்பது கிரேக்கத்தில் இயேசுவின் பெயரேதான் என்று.