பலர் கூடி ஆடும் பாத்திர விளையாட்டில் நடுவர் பணி

மேசையைச் சூழ்ந்து அமர்ந்தோர் ஒவ்வொருவரும் ஒரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்று, அப்பாத்திரம் செய்யக் கருதுவதை வாய்மொழியாகக் கூறி ஆடும் விளையாட்டினைப் பாத்திர விளையாட்டு எனலாம். ஐக்கிய அமெரிக்காவிலே, விஸ்கொன்சின் மாநிலத்து லேக் ஜெனீவா நகரிலிருந்து 1974ஆம் ஆண்டு வெளிவந்த 'டஞ்சன்ஸ் அன்ட் டிறகன்ஸ்' இவ்வகையில் முதலாவதாக விற்பனைக்கு வந்த விளையாட்டாகக் கொள்ளப்படுகின்றது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் அதன் ஆசிரியர்கள். இவ்விளையாட்டில் ஒருவர் நடுவராக அமர்வார். பாத்திரங்கள் காணும் நிலத்தையும் கேட்கும் ஒலியையும் எதிர்ப்படும் மாந்தரையும் அவரே எடுத்துரைப்பார். ஏனையோர் தத்தம் பாத்திரத்தின் செயலைக் கூறுவர். விளைவு ஐயத்துக்கு இடமாயின் பகடை உருட்டப்படும். வெற்றி தோல்வி இங்கு இன்றியமையாதன அல்ல. கூடியிருப்போர் சேர்ந்து வளர்க்கும் கதையே ஆட்டத்தின் பயனாகும்.

நால்வர் அல்லது ஐவர் கூடுமிடத்து இவ்வாட்டம் பெரிய இடரின்றி நடைபெறும். பன்னிருவரோ இருபதின்மரோ கூடின் என்ன நிகழும்? 1974ஆம் ஆண்டின் முதல் விதிநூல், நீண்டு செல்லும் ஒரு தொடராட்டத்தில் நால்வர் முதல் ஐம்பதின்மர் வரை பங்குகொள்ளலாம் என்றும், ஏறத்தாழ இருபதின்மருக்கு ஒரு நடுவர் இருத்தல் வேண்டும் என்றும் கருதியது. சிறு குழுக்களுக்குப் பழகிய இன்றைய ஆட்டக்காரருக்கு இவ்வெண்கள் வியப்பளிப்பன. விதிகளை நன்கு கற்ற நடுவர் ஒருவர் இருந்தால் போதும் எனச் சிலர் கருதக்கூடும். அக்கருத்து நிறைவுடையதன்று. பலர் கூடும் ஆட்டத்தின் அடிப்படைச் சிக்கல், பேசும் வாய்ப்பை எவ்வாறு பங்கிடுவது என்பதே. இதனையே இக்கட்டுரையில் விளக்க முயல்கின்றோம்.

1. காலக் கணக்கு

நான்கு மணி நேர ஆட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் பாதி நேரம் நடுவரின் விவரிப்புக்கும் விடைகளுக்கும் செல்லும் எனக் கொண்டால், ஆட்டக்காரருக்கு எஞ்சுவது 120 நிமிடங்கள். ஐவர் இருப்பின் ஒருவருக்கு 24 நிமிடங்கள் கிடைக்கும். பன்னிருவர் இருப்பின் 10 நிமிடங்களே கிடைக்கும். போர்க்கட்டத்தில் நிலைமை இன்னும் கடுமையாகும். ஒருவர் தம் செயலைக் கூறிப் பகடை உருட்ட இரண்டு நிமிடம் எடுப்பின், பன்னிருவருள் ஒருவர் தமது அடுத்த முறைக்கு 22 நிமிடங்கள் காத்திருத்தல் வேண்டும். எதிரிகளின் செயலுக்கு நடுவர் எடுக்கும் நேரம் இதில் அடங்காது.

இக்கணக்கும் சமபங்கீட்டைக் கொண்டு செய்யப்பட்டதே. நடைமுறையில் உரத்த குரலுடைய மூவர் நால்வர் பெரும்பகுதியை எடுத்துக்கொள்வர். கூச்சமுடையோர் வாளாவிருப்பர். மாலை முழுவதும் வாய்திறக்க இடம் பெறாதவர் மறுமுறை வருவதில்லை. எனவே பங்கீடு என்பது ஆட்டத்தின் ஒழுங்கு பற்றிய வினா மாத்திரமன்று. கூட்டம் கூட்டமாக நிலைத்திருப்பது பற்றிய வினாவும் ஆகும்.

2. நடுவர் மரபின் தோற்றம்

நடுவர் என்னும் பதவி பாத்திர விளையாட்டுக்கு முற்பட்டது. பிரஷ்ய இராணுவ அதிகாரியான றைஸ்விற்ஸ் 1824இல் வெளியிட்ட போர் விளையாட்டில், இரு தரப்பினரும் தம் கட்டளைகளை எழுதி நடுவரிடம் அளித்தனர். முழு நிலைமையும் நடுவருக்கே தெரியும். தம் படை காணக்கூடியதை மாத்திரமே ஆட்டக்காரர் அறிவர். ஒரே தரப்பில் பலர் தளபதிகளாக இருந்தவிடத்து அவர்களிடையே செல்லும் செய்தியும் நடுவர் வழியே சென்றது. பலர் ஒருங்கே சிந்தித்து எழுதினமையால், ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்க நேரவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

காலப்போக்கில் விதிகள் பெருகி ஆட்டம் மந்தமடைந்தபோது, வேர்டி டு வெர்னுவா என்னும் பிரஷ்ய அதிகாரி 1876இல் வேறொரு வழியைக் காட்டினார். அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பே விதிகளின் இடத்தைப் பெறலாம் என்பது அவர் கொள்கை. அமெரிக்க இராணுவத்தைச் சேர்ந்த டொற்றன் 1880இல் வெளியிட்ட 'ஸ்ற்றற்றெகோஸ்' என்னும் நூலும் நடுவருக்குப் பேரதிகாரம் வழங்கியது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின்னர் அந்நூல் மினசோற்றா மாநிலத்தில் டேவிட் வெஸ்லி என்னும் இளைஞரின் கைக்கு எட்டியது.

3. பிரவுன்ஸ்டைன் தந்த பாடம்

வெஸ்லி 1969இல் தம் நண்பர் குழுவுக்கென ஓர் ஆட்டத்தை அமைத்தார். நெப்போலியன் காலத்துக் கற்பனை ஜேர்மன் நகரான பிரவுன்ஸ்டைன் அதன் களம். இரு படைத்தலைவர்களுக்கான ஆட்டத்துக்கு ஏறத்தாழ இருபதின்மர் வந்தமையால், நகரபிதா, வங்கியாளர், பல்கலைக்கழகத் தலைவர் முதலிய படைசாராப் பாத்திரங்களும் வழங்கப்பட்டன. ஒவ்வொருவருக்கும் தனித்தனி நோக்கம் இருந்தது. நடுவரிடம் முறைக்குக் காத்திருந்தோர் சும்மா இருக்கவில்லை. தமக்குள்ளே பேசினர், உடன்பாடு செய்தனர், சூழ்ச்சி புரிந்தனர். இருவர் ஒருவரையொருவர் துவந்த யுத்தத்துக்கு அழைக்க, அதற்கான விதியை நடுவர் அவ்விடத்திலேயே ஆக்க நேர்ந்தது. ஆட்டம் கைமீறிப் போயிற்று, முயற்சி தோற்றது என்றே வெஸ்லி கருதினார். ஆயின் ஆடியவர்களோ மீண்டும் ஆட விரும்பினர்.

நடுவரின் கணிப்பும் ஆடியோரின் கணிப்பும் இவ்வாறு மாறுபட்டமைக்குக் காரணம் என்ன? எல்லாப் பேச்சும் தம் வழியே செல்லவேண்டும் என நடுவர் எதிர்பார்த்தார். ஆடியோரோ ஒருவரோடொருவர் நேரே பேசும் வழியைக் கண்டுகொண்டனர். அறையின் ஐந்து மூலைகளில் ஐந்து உரையாடல்கள் ஒரே வேளையில் நிகழுமாயின், மேற்கூறிய காலக் கணக்கு பொருந்தாது போகும். இக்குழுவைச் சேர்ந்த ஆர்னசன் அடுத்த சில ஆண்டுகளில் 'பிளக்மூர்' என்னும் தொடராட்டத்தை நடத்தினார். அதுவே 1974ஆம் ஆண்டு நூலுக்கு ஒரு முக்கிய ஊற்றாயிற்று.

4. ஒருவர் பலருக்காகப் பேசுதல்

எல்லா ஆட்டமும் நகரச் சூழ்ச்சியாக அமைவதில்லை. நிலத்தடிச் சுரங்கத்தில் ஒன்றாகச் செல்லும் குழுவினர் பிரிந்து நின்று பேச இயலாது. இத்தகைய ஆட்டங்களில் ஆட்டக்காரர் தமக்குள் கலந்துபேசி முடிவு செய்வர். அம்முடிவை ஒருவர் நடுவருக்கு அறிவிப்பார். இன்னொருவர் நடுவரின் விவரிப்பைக் கேட்டு வரைபடம் வரைவார். 1981ஆம் ஆண்டின் தொடக்கநிலை விதிநூல் இவ்விரு பணிகளையும் விளக்குகின்றது. அந்நூலிலே போர்க்கட்டத்தில் யார் முந்துவது என்பதும் தரப்புக்கு ஒரு பகடை என்ற முறையிலே தீர்க்கப்பட்டது. 2000ஆம் ஆண்டின் பதிப்பிலோ ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனித்தனி வரிசை அமைக்கப்பட்டது. சிறு குழுவுக்குத் தனிவரிசை சுவையூட்டும்; பெருங்குழுவில் அதுவே காத்திருப்பை நீட்டிக்கும்.

அறிவிப்பவர் முறையில் ஓர் ஆபத்தும் உண்டு. பிறர் முடிவை அறிவிக்க வேண்டியவர் நாளடைவில் தம் முடிவைப் பிறர்மேல் ஏற்றிவிடலாம். ஆகவே இப்பணி ஒருவரிடமே நிலைத்திராமல் ஆட்டந்தோறும் மாறுதல் நன்று. எவரும் எவ்வேளையிலும் இடைமறித்து, தம் பாத்திரம் அவ்வாறு செய்யாது எனக் கூறும் உரிமையும் காக்கப்படல் வேண்டும்.

5. கூட்டத்தைப் பிரித்தல்

மூன்றாவது வழி, கூட்டத்தையே பிரித்தல் ஆகும். லேக் ஜெனீவாவில் கைகாக்ஸ் நடத்திய தொடராட்டத்துக்கு ஆட்டக்காரர் பெருகியபோது, றொப் குன்ற்ஸ் இணைநடுவராகப் பணியைப் பகிர்ந்துகொண்டார். பென் றொபின்ஸ் என்பார் 2007இல் விவரித்த 'வெஸ்ற் மார்ச்சஸ்' முறையில், பத்துக்கு மேற்பட்டோர் ஒரே கற்பனை நிலத்துக்கு உரியவராயினும் ஒரே நாளில் கூடுவதில்லை. சிலர் சேர்ந்து, எங்கே செல்வது, எந்நாளில் ஆடுவது என்பவற்றைத் தாமே தீர்மானித்து நடுவரை அழைப்பர். ஒரு குழு கண்டறிந்ததை மற்றக் குழு கேட்டறியும்.

இம்முறைக்கு நாட்குறிப்பு இன்றியமையாதது. ஒரு குழு கற்பனை உலகில் மூன்று நாள் கழித்திருக்க, மற்றது முப்பது நாள் கழித்திருப்பின், முன்னர்ப் புதையலை எடுத்தவர் யார் என்பதே பிணக்காகும். கைகாக்ஸ் 1979இல் வெளியிட்ட நடுவர் கைந்நூலில் காலக்கணக்கைக் கண்டிப்பாகப் பேணுமாறு வற்புறுத்தியது இதனாற்போலும்.

6. நடைமுறைக்குச் சில

ஒரே நாளில் பன்னிருவரை ஒரு மேசையில் வைத்து ஆட நேரும் நடுவர், மேற்கண்ட மூன்று வழிகளையும் கலந்து கையாளலாம். மும்மூவராக நான்கு சிறு குழுக்களை அமைத்து, ஒரு குழுவுடன் பேசும்போது மற்றவை தமக்குள் திட்டமிடுமாறு விடுதல் ஒன்று. போரில் அனைவரும் தத்தம் செயலை முன்னரே சிறு தாளில் எழுதிவைத்தல் மற்றொன்று. வரைபடம், பொருட்கணக்கு, நாட்குறிப்பு ஆகியவற்றை ஆட்டக்காரரிடமே ஒப்படைத்தல் நடுவரின் சுமையைக் குறைக்கும்; காத்திருப்போருக்கும் வேலை தரும். பேசாதிருப்பவரை நோக்கி, 'என்ன செய்கிறீர்?' என்று பொதுவாகக் கேட்பதிலும், 'கதவுக்கு அப்பால் காலடி கேட்கிறது, அருகில் நிற்பவர் நீர், தாழிடுவீரா, திறப்பீரா?' என்று கேட்பதே விடையை வருவிக்கும்.

இவையனைத்தையும் தொகுத்து நோக்குமிடத்து ஒன்று தெளிவாகும். எழுதிக் கொடுத்தல், தமக்குள் பேசுதல், ஒருவர் வழி அறிவித்தல், பிரிந்து ஆடுதல் ஆகிய யாவும் நடுவர் தம் கையிலுள்ள பேச்சுரிமையின் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கும் வழிகளே. சிறு குழுவின் நடுவரை அவருடைய கதைத்திறம் கொண்டு மதிப்பிடலாம். பெருங்குழுவின் நடுவரை, அன்றைய மாலையில் மிகக் குறைவாகப் பேசியவர் எவ்வளவு பேசினார் என்பதைக் கொண்டே மதிப்பிடுதல் தகும்.