சுவரோரத் தென்னை

கொல்லைச் சுற்றுச்சுவரில் விரிசல் விட்டிருந்ததால் இடித்துக் கட்ட வேண்டியதாயிற்று. சுவருக்கு இரண்டடி தள்ளி ஒரு தென்னை நிற்கிறது. “அது வேர்தான் அஸ்திவாரத்தைப் பேத்திருக்கும், வெட்டிடுங்க” என்றார் கொத்தனார். மண்ணைத் தோண்டியதும் குனிந்து பார்த்தேன். பழுப்புக் கயிறுகளை அள்ளிப் போட்டதுபோல நூற்றுக்கணக்கான வேர்கள். ஒன்றுகூடச் சுண்டுவிரலைவிடத் தடிமன் இல்லை. கருங்கல்லில் முட்டியவை பக்கவாட்டில் வளைந்து தம் வழியே போயிருந்தன. சுவரைப் பிளந்தது, அதன் உச்சியில் முளைத்து, வருஷா வருஷம் நாங்கள் தலையை மட்டும் கிள்ளிவந்த ஓர் அரசங்கன்று.

அரசின் வேருக்குள் ஒரு வளர்திசு வளையம் இருக்கிறது. நூலாக விரிசலுக்குள் நுழையும் வேர், ஆண்டுக்கு ஆண்டு பருத்து ஆப்புபோலக் கல்லை நெம்பிவிடும். தென்னைக்கும் பனைக்கும் பாக்குக்கும் அந்த வளையமே கிடையாது. தூரிலிருந்து கிளம்பும்போது என்ன தடிமனோ, கடைசிவரை அதே தடிமன்தான். பழைய வேர் பருப்பதற்குப் பதில் புது வேர்கள் ஆயிரக்கணக்கில் கிளம்புகின்றன. புல்லின் சல்லி வேரைப் பெரிதாக்கிப் பார்த்தால் இதுதான். தொல்காப்பியம் வெளிப்புறம் வைரம் பாய்ந்தவற்றைப் புல் என்றும், உள்ளே வைரம் பாய்ந்தவற்றை மரம் என்றும் பிரிக்கிறது. அந்தக் கணக்கில் தென்னை புல். இன்றைய தாவரவியலும் அதைப் புல்லோடு சேர்த்து ஒருவித்திலைத் தாவரம் என்கிறது.

வளையம் இல்லாததால் ஒரு நஷ்டமும் உண்டு. தென்னையின் அடிமரத்துக் காயம் ஆறாது. ஏறுவதற்குக் கொத்திய படி மரம் இருக்கும்வரை அப்படியே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்றில் ஆடும் மரம் சன்ஷேடு விளிம்பில் உரசினால் அந்தத் தழும்பும் அப்படித்தான். தூரை ஒட்டியே சுவர் எழுப்பினால், பருத்துவரும் தூரும் அதைச் சுற்றி வெடித்துக் கிளம்பும் வேர்க்கூட்டமும் சுவரைத் தள்ளவும் செய்யும். ஒன்றிரண்டு அடி இடம் விட்டாலே அந்தத் தொல்லை இல்லை.

நீச்சல் குளத்துக்கும் இதே நியாயம்தான். உறுதியான கான்கிரீட்டைத் தென்னை வேர் உடைக்காது; குழாய் இணைப்பில் கசிவு இருந்தால் மட்டும் ஈரத்தைத் தேடி மெல்லிய வேர்கள் போய்ச் சேரும். நிற்கும் மரத்தருகே குளம் தோண்டுவதுதான் விஷப்பரீட்சை. அறுபட்ட தென்னை வேர்களில் ஏறக்குறையப் பாதிதான் மீண்டும் கிளைக்கும். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் எங்கும் நிற்கும் சபால் பனையிலோ, அறுபட்ட வேர் அநேகமாக முழுவதும் செத்துப்போகும். தூரிலிருந்து புதிதாகக் கிளம்பினால்தான் உண்டு.

உண்மையான ஆபத்து தலைக்கு மேலே இருக்கிறது. 20 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தேங்காய் தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு 70 கிலோமீட்டர். மட்டை ஒவ்வொன்றும் 4 முதல் 6 மீட்டர் நீளம். பாளை வெடித்தால் ஆண் பூக்கள் வாரக்கணக்கில் உதிர்ந்து தண்ணீரில் மிதக்கும். பிள்ளைகள் நீந்தும் இடத்தின் மேல் காய்க்கும் தென்னை கவிந்து நிற்கவே கூடாது.

தோப்பில் தென்னைக்குத் தென்னை 25 அடி விடுகிறோம். வேருக்காக இல்லாவிட்டாலும் மட்டைக்கும் காய்க்கும் இடம் வேண்டுமே; புதிதாக நடும்போது அதில் பாதி, பன்னிரண்டடியாவது சுவருக்கு விட்டு நடுங்கள். ஏற்கெனவே சுவரோரம் ஒன்று நின்றால் வேருக்குப் பயந்து வெட்டிவிடாதீர்கள். காய்ந்த மட்டையையும் முற்றிய குலையையும் காலத்தில் இறக்கினால் போதும்.