திரையும் மேடையும்: பங்கு மண்டபத்தில் இரு மாலைகள்

சென்ற ஆண்டு ஒரு நாள் எங்கள் பங்குப் பேரவை கூடியது. பங்கு மண்டபத்தை ஒருவருக்கு ஆண்டுக் குத்தகைக்கு விட்டுவிடலாம் என்பது அன்றைய பேச்சு. ஓடுகள் ஒழுகுகின்றன, மேடைத் திரை கிழிந்து பல ஆண்டுகள் ஆகின்றன, பூட்டிக் கிடக்கும் இடத்தால் யாருக்கு என்ன பயன்? திருமண விருந்துகளுக்கு விட்டால் கூரையையாவது பழுது பார்க்கலாம். எல்லாரும் தலையசைத்தனர். உண்மையைச் சொன்னால், நானும் அசைத்தேன்.

அப்போது பின்வரிசையில் இருந்த முதியவர் ஒருவர் எழுந்தார். தையல் தொழில் செய்து ஓய்ந்தவர்; இளமையில் அந்த மேடையில் பலமுறை வேடம் கட்டியவர். "சாமி, கொடுப்பதென்றால் கொடுங்கள். அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை ஞானசௌந்தரி நாடகம் போட அனுமதி கொடுங்கள்" என்றார்.

மறுக்க மனம் வரவில்லை. அக்கதை திரைப்படமாகவும் வந்திருப்பதால், ஒரு சனிக்கிழமை மாலை படமும், சில வாரங்கள் கழித்து நாடகமும் என்று முடிவாயிற்று. அவ்விரு மாலைகளும் எனக்குக் கற்பித்ததை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

திரையில் ஒரு மாலை

ஞானசௌந்தரியின் கதையை நம் மூத்த தலைமுறையினர் நன்கு அறிவர். மாற்றாந்தாயின் சூழ்ச்சியால் காட்டுக்கு அனுப்பப்பட்டு, இரு கைகளும் வெட்டுண்ட அரசிளங்குமரி. அவள்மீது இரக்கமுற்று மணக்கும் அரசகுமாரன். இடையில் மாற்றி எழுதப்படும் மடல். குழந்தைகளோடு மீண்டும் காடு. இறுதியில் தேவதாயின் அருளால் கைகளைத் திரும்பப் பெறுதல். மேடையில் புகழ் பெற்ற இக்கதையை 1948ஆம் ஆண்டில் சிட்டாடல் நிறுவனம் படமாக்கியது. எஃப். நாகூர் இயக்க, டி. ஆர். மகாலிங்கமும் எம். வி. ராஜம்மாவும் நடித்தனர். அதே ஆண்டில் ஜெமினி நிறுவனமும் இதே கதையைப் படமாக்கியது. ஆயினும் மக்கள் உள்ளத்தில் நின்றது சிட்டாடல் படமே.

குருக்கள் சினிமாவுக்குப் பகைவர் என்று எண்ணுவோர் உண்டு. ஆனால் தமிழகத்தில் ஊர் ஊராகச் சென்று படம் காட்டிய முன்னோடியான சாமிக்கண்ணு வின்சென்ட் ஒரு கிறிஸ்தவரே. ரெயில்வேயில் பணியாற்றிய அவர், 1905ஆம் ஆண்டில் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். வேலையைத் துறந்து கூடாரத்தோடு புறப்பட்டார். அவர் காட்டியவற்றுள் இயேசுநாதரின் வாழ்க்கைப் படமும் ஒன்று. 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான அரங்கையும் அமைத்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய ஆணையேடும் திரைப்படத்தை வெறுத்து ஒதுக்கவில்லை. நல்லதைத் தேர்ந்து, அளவறிந்து பயன்படுத்தவே கற்பிக்கிறது.

நான் சிறுவனாக இருந்தபோது கோயில் முற்றத்தில் வெள்ளை வேட்டியைக் கட்டி 16 மில்லிமீட்டர் படம் காட்டுவார்கள். சுருள் அறுந்தால் ஊரே ஒன்றாகக் கூச்சலிடும். ஒட்டி முடிக்கும் வரை வேர்க்கடலை கைமாறும். அந்த நினைவோடு அன்று மண்டபத்தில் அமர்ந்தேன். கறுப்பு வெள்ளைப் படத்தைக் கண்டு பிள்ளைகள் முதலில் சிரித்தனர். கால்மணி நேரத்தில் அச்சிரிப்பு அடங்கியது. கைகள் வெட்டப்படும் வேளையில், தாய்மார் பலர் பிள்ளைகளின் கண்களைத் தம் சேலைத் தலைப்பால் மூடினர். தாங்கள் மட்டும் மூடவில்லை!

படம் முடிந்தும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. 'அரசன் தன் மகளைத் தேடாமல் விட்டது பெருங்குற்றம்' என்று மூதாட்டி ஒருவர் வழக்குரைக்க, பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் அரசனுக்காக வாதாடினான். இன்று ஒரே வீட்டில் நால்வர் நான்கு கைப்பேசிகளில் நான்கு படங்கள் காண்கிறார்கள். அவை நல்ல படங்களாகவே இருக்கலாம். ஆனால் பார்த்து முடித்ததும் யாரோடு பேசுவது? சேர்ந்து பார்த்தவர்களுக்கன்றோ சேர்ந்து பேசவும் பொருள் கிடைக்கும்!

மேடையில் ஒரு மாலை

நாடகத்துக்கு ஆறு வாரம் ஒத்திகை. தேர்வு எழுதும் பிள்ளைகள் இருந்தமையால் இரவு ஒன்பது மணிக்கு மண்டபத்தைப் பூட்டிவிடுவது என்று கண்டிப்பாக விதித்தேன். அரசனாக நடித்தவர் பேருந்து ஓட்டுநர், ஊரறிந்த கோபக்காரர். கதாநாயகி செவிலியர் பயிற்சி பெறும் மாணவி. வெட்டுண்ட கைகளைக் காட்டத் தையற்காரப் பெரியவர் ஒரு வழி கண்டார்: சட்டையின் நீண்ட கைகளை நுனியில் நூலால் மூட்டிவிட்டார். கடைசிக் காட்சியில் ஒரு நூலை இழுத்தால் மூட்டு பிரிந்து கைகள் வெளிப்பட வேண்டும்.

அன்று இரவு நூல் சிக்கிக்கொண்டது. தேவதாயாக நின்ற சிறுமி கையை உயர்த்தியபடியே நின்றாள். கதாநாயகி இழுத்தாள், பிரியவில்லை. அரங்கில் சிரிப்பு எழுந்தது. பெரியவர் தயங்காமல் மேடையேறி, இடுப்பில் செருகியிருந்த கத்தரிக்கோலால் இரு நூல்களையும் வெட்டிவிட்டு, தேவதாயை நோக்கி ஒரு கும்பிடு போட்டு இறங்கினார். கைகள் வெளிவந்தன. சிரித்த அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. பலர் கண்களில் நீர்.

திரைப்படமாயின் இக்காட்சியை மறுபடியும் எடுத்திருப்பார்கள். நம் நாடகத்தில் திருத்த வழியில்லை, உதவத்தான் வழியுண்டு.

அன்று நான் கண்ட வேறொன்றும் உண்டு. மகளை இழந்த அரசன் அழும் காட்சியில் ஓட்டுநர் உண்மையாகவே அழுதுவிட்டார். பின்னர் முற்றத்தில் அவர் மனைவி என்னிடம், "சாமி, இவருக்கு அழத் தெரியும் என்று இருபது வருடமாக எனக்குத் தெரியாமல் போயிற்றே!" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆயினும் கணவரைத் திரும்பிப் பார்த்த அப்பார்வையில் ஒரு புதுமை இருந்தது.

திரைப்படம் தொலைவில் உள்ளவரை நமக்கு அருகில் கொணர்கிறது. ஊர் நாடகமோ, அன்றாடம் கண்டு சலித்த அடுத்த வீட்டாரைப் புதிய மனிதராய் நமக்குக் காட்டுகிறது. முன்னதைக் கைப்பேசியும் ஓரளவு தரும். பின்னதை எந்தக் கருவியாலும் தர இயலாது.

ஜெர்மனியின் பவேரியப் பகுதியில் ஓபர்அம்மர்காவ் என்னும் சிற்றூர் உள்ளது. 1633ஆம் ஆண்டில் கொள்ளைநோயால் துன்புற்ற அவ்வூரார், ஆண்டவரின் பாடுகளை நாடகமாக நடித்துக்காட்டுவதாக நேர்ந்துகொண்டனர். 1634 முதல் இன்றுவரை அந்நேர்ச்சையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருகின்றனர். பத்தாண்டுகளுக்கு ஒரு முறை நடைபெறும் அந்நாடகம், 2020இல் கொரோனா நோயால் தள்ளிப்போய், 2022இல் நடந்தேறியது. நடிப்பவர்கள் அவ்வூரில் பிறந்தவராகவோ, அங்கு இருபது ஆண்டுகள் வாழ்ந்தவராகவோ இருக்க வேண்டும் என்பது மரபு. சிறந்த நடிகரைத் தேடி அவர்கள் வெளியூர் செல்வதில்லை. தம் ஊராரே தம் நாடகத்தை நடிக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கின்றனர்.

மண்டபம் என்னவாயிற்று?

அடுத்த கூட்டத்தில் குத்தகைப் பேச்சை முதலில் மறுத்தவன் நானே. முன்பு தலையசைத்தது என் பிழை என்று ஒப்புக்கொண்டேன். திருமணங்களுக்கு நாள் வாடகைக்கு விடுகிறோம்; ஆனால் மாதத்தின் முதற் சனிக்கிழமையை யாருக்கும் கொடுப்பதில்லை. அன்று படம், ஆண்டுக்கு இரு முறை நாடகம். வருமானம் குறைவுதான். கூரையின் ஒரு பாதியே செப்பனிடப்பட்டுள்ளது. மறுபாதியின் கீழ் மழைக்காலத்தில் வாளி வைக்கிறோம்.

அன்பார்ந்த பெற்றோரே! உங்கள் பங்கிலும் பூட்டிக் கிடக்கும் மண்டபம் ஒன்று இருக்கலாம். திறவுகோலைக் கேளுங்கள். படத்தை முன்கூட்டியே பார்த்துத் தேர்ந்தெடுங்கள். தேர்ந்தெடுக்கும் குழுவில் இளைஞர்களையும் சேருங்கள். முடிந்ததும் பிள்ளைகளைப் பேச விடுங்கள். நாடகத்தில் நடிப்புத் திறன் உள்ளவரை மட்டும் நாடாதீர்கள். பேசாதவரையும், யாரும் பேச விரும்பாதவரையும் அழையுங்கள். வேடம் கட்டிய பிறகு அவர் யார் என்பது உங்களுக்கு விளங்கும். ஒருவேளை, அவருக்கே விளங்கும்.