உங்களுக்குத் தெரியுமா? ‘கஸீக்கே’ என்னும் பட்டம்

அமெரிக்கப் பூர்வகுடித் தலைவர்களைக் குறிக்க ஸ்பானிய மொழியில் வழங்கும் ‘கஸீக்கே’ என்ற சொல் ஸ்பெயின் தேசத்தில் பிறந்ததன்று. 1492-இல் கொலம்பஸ் கரையிறங்கிய கரீபியத் தீவுகளில் வாழ்ந்த தைனோ மக்கள் தங்கள் அதிபதிகளுக்கு வழங்கிய பெயரையே வந்தவர்கள் கேட்டுக் கைக்கொண்டார்கள். சித்திர வேலைப்பாடமைந்த ‘டூஹோ’ என்னும் தாழ்ந்த மர ஆசனத்தில், பொன்னும் செம்பும் கலந்த பதக்கம் மார்பில் துலங்க வீற்றிருந்து, விருந்தினரை உபசரிப்பதும் விழாக்களை முன்நின்று நடத்துவதும் அத்தலைவரின் கடமைகளாக இருந்தன. அப்பதவி ஸ்திரீகளுக்கும் உரியதாயிருந்தது. அவ்விதம் ஹிஸ்பானியோலாத் தீவில் ஹரகுவாப் பகுதியை ஆண்ட அனகவோனா என்னும் அரசியை, அவள் அளித்த விருந்தோம்பலை ஏற்றுக்கொண்ட ஸ்பானியக் கவர்னர் ஒவாண்டோவே 1503-ஆம் ஆண்டையொட்டிச் சிறைப்படுத்தித் தூக்கிலிடச் செய்தது மன்னிக்கவொண்ணாத துரோகமாகும்.

பின்னர் இச்சொல் படையெடுத்தவர்களுடன் மெக்ஸிகோவுக்கும் பெருவுக்கும் சென்று, அந்தந்த ஜனங்கள் தம் தலைவர்களுக்கு வைத்திருந்த ‘த்லாத்தோவானி’, ‘குராக்கா’ முதலிய சுதேசிப் பெயர்களின் இடத்தைக் கவர்ந்துகொண்டது. அத்தலைவர்களைப் ‘பிரபு’ என்று அழைக்கலாகாது, கஸீக்கே என்றே அழைக்கவேண்டும் என்று ஸ்பானிய ராஜாங்கம் 1538-இல் ஆக்ஞை பிறப்பித்ததால், கௌரவமாயிருந்த பட்டம் ஒரு படி தாழ்ந்தது.

19-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினிலேயே, கிராமத்து வாக்குகளைத் தம் கைப்பிடிக்குள் வைத்திருந்த உள்ளூர்ப் பெரும்புள்ளிகளுக்கு அது வசைப்பெயராயிற்று. ஸ்பானிய எழுத்தாளர் ஹோவாக்கின் கோஸ்டா அந்த ஆதிக்கத்தைக் கண்டித்து 1901-இல் ஒரு நூலே வெளியிட்டார். எனினும், பனாமாவின் பூர்வகுடிப் பிரதேசங்களில் தலைவர்கள் இன்றும் இப்பெயராலேயே பதவி வகிக்கின்றனர்.