புள்ளியும் பொருளும்: கணிப்பொறி வரையும் எழுத்துருவம்

கல்லிலும் ஓலையிலும் வாழ்ந்த தமிழ் எழுத்து, அச்சேறிப் பின்னர்க் கணிப்பொறியினுள்ளும் குடிபுகுந்தது. பழைய நூலின் பக்கத்தை ஸ்கேனர் எனும் வருடியில் இட்டால் கிடைப்பது கறுப்பும் வெளுப்புமான சிறு கட்டங்களின் தொகுதியே. இக்கட்டத்தைப் பிக்சல் என்பர். அதனைப் பெரிதாக்கினால் எழுத்தின் விளிம்பு படிக்கட்டுப்போல் உடையும். எழுத்தின் விளிம்பைக் கோடாகவும் வளைவாகவும் கணக்கிட்டு வரைந்துகொண்டால், எத்துணைப் பெரிதாக்கினும் வடிவம் சிதையாது. இதுவே வெக்டர் ஓவியம்.

இவ்வளைவுகளுக்குப் பெயர் தந்தவர் ரெனோ மகிழுந்து நிறுவனத்தின் பொறியாளர் பியேர் பெசியே. வளைவின் இரு முனைகளும், அதனை இழுத்து வளைக்கும் வேறிரு புள்ளிகளும் ஆக நான்கு புள்ளிகள் ஒரு வளைவைத் தீர்மானிக்கின்றன. 2001-இல் கணித அறிஞர் பீட்டர் செலிங்கர் உருவாக்கிய போட்ரேஸ் என்னும் மென்பொருள், படத்தின் விளிம்பைத் தானே தொடர்ந்து சென்று இவ்வளைவுகளை வரைகிறது. இங்க்ஸ்கேப் என்னும் கட்டணமற்ற ஓவிய மென்பொருளிலும் அது இணைக்கப்பட்டுள்ளது.

ஆயின், இங்கே ஓர் இடர் உண்டு. தாளின் அழுக்கை நீக்கும்பொருட்டு, மென்பொருள் மிகச் சிறிய கறைகளை விட்டுவிடும். போட்ரேஸ் இயல்பாகவே இரண்டு கட்டம் வரையுள்ள கறைகளைக் களைந்துவிடுகிறது. அரை மில்லிமீட்டர் அகலமுள்ள புள்ளி ஒன்றை அங்குலத்திற்கு 72 கட்டம் என வருடினால், அது ஏறத்தாழ இரண்டு கட்டங்களுள் அடங்கிவிடும். 300 கட்டம் என வருடினால் சுமார் 27 கட்டங்களைப் பெறும். முன்னதில் மெய்யெழுத்தின் புள்ளி தூசியோடு தூசியாய் மறையக்கூடும். ‘கல்’ என்பது ‘கல’ என நிற்கும். மெய் புள்ளி பெறும் எனத் தொல்காப்பியம் வகுத்த இலக்கணத்தை இயந்திரம் அறியாது.

அரபுத் தமிழ் நூல்களில் இவ்விடர் பன்மடங்காகும். அரபியில் பா, தா, ஸா ஆகிய மூன்றும் ஒரே வடிவின. கீழே ஒரு புள்ளி, மேலே இரண்டு, மேலே மூன்று என்பதே வேறுபாடு. தமிழுக்கே உரிய ஒலிகளைக் குறிக்க நம் முன்னோர் கூடுதல் புள்ளிகளையும் இட்டனர். கையால் எழுதிக் கல்லச்சில் பதித்த அப்பக்கங்களில் ஒரு புள்ளி போயின் சொல்லே போயிற்று.

கல்வெட்டில் நேர்வது இதற்கு மறுதலை. சங்கரன்கோவிலுக்கு அண்மையிலுள்ள கழுகுமலையில் வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உள்ளன. பழங்கல்வெட்டுகளில் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. மைப்படியில் கல்லின் பொரிவு புள்ளியாகத் தோன்றினால், இயந்திரம் அதனையும் உண்மையென வரைந்துவிடும்.

ஆகவே 300 கட்டத்திற்குக் குறையாமல் வருடுக. கறை நீக்கும் அளவைச் சுழியமாக்குக. மூலப்படத்தை அடியில் வைத்து, வரைந்த கோட்டை எழுத்தெழுத்தாக ஒப்பிடுக. ஊகித்து வரைந்தவற்றை வேறு அடுக்கில், வேறு நிறத்தில் வைத்து, மூலப்படத்தையும் அழியாமல் காத்திடுக. கோடு வரைதல் இயந்திரத்தின் வேலை. எது எழுத்து, எது தூசி எனத் தெளிதல் தமிழ் கற்றாரின் கடமை. பழஞ்சுவடிகளைப் பேணும் பெரியோரும் கணிப்பொறி பயிலும் மாணவரும் ஒருங்கே அமர்ந்து செய்யத்தக்க பணி இது.