முன்பணம் வேண்டாம் என்கிறாரா பில்டர்? கடன் யார் பெயரில் என்று கேளுங்கள்!

‘ஜீரோ டவுன் பேமென்ட்! சாவி கைக்கு வரும்வரை இ.எம்.ஐ. கிடையாது!’ என்று அலறுகிறது முழுப்பக்க விளம்பரம். அந்த வரியின் ஓரத்தில் ஒரு நட்சத்திரக் குறி. அதற்கான விளக்கத்தைத் தேடினால் பக்கத்தின் அடியில், கண்ணாடி போட்டவரும் திணறும் பொடி எழுத்தில், ‘நிபந்தனைகளுக்கு உட்பட்டது’ என்றிருக்கும்.

வீட்டின் முழு மதிப்புக்கும் வங்கி கடன் தராது. ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் ரூபாய் வரையிலான கடன் என்றால் வீட்டு மதிப்பில் 90 சதவீதம், 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம்தான் உச்சவரம்பு. மிச்சத்தை நாம்தான் புரட்ட வேண்டும். ‘நீங்கள் ஒரு பைசா போட வேண்டாம்’ என்று பில்டர் சொன்னால், அந்த மிச்சம் எங்கிருந்து வருகிறது?

விலையில் ஒளிந்திருக்கும் முன்பணம்

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீட்டின் உண்மையான விலை 48 லட்சம். ஒப்பந்தத்தில் 60 லட்சம் என்று எழுதுகிறார்கள். நீங்கள் 12 லட்சம் கட்டிவிட்டதாக ஒரு ரசீதும் தயாராகிறது. வங்கி 60 லட்சத்தில் 80 சதவீதம், அதாவது 48 லட்சம் தருகிறது. பில்டருக்கு முழு விலையும் வந்துவிட்டது. வங்கியிடம் காட்டிய பொய்க் கணக்கில் இருப்பதோ உங்கள் கையெழுத்து.

8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுக்கு மாதத் தவணை சுமார் 41,650 ரூபாய். கட்டி முடிக்கும்போது ஏறக்குறைய ஒரு கோடி போயிருக்கும். ஏற்றி எழுதிய விலைக்கே முத்திரைத் தீர்வையும் கட்ட வேண்டும். நடுவில் விற்கலாம் என்றால், கிடைக்கும் விலை கடனை அடைக்கவே சரியாகப் போகும்.

‘வட்டியை நாங்கள் கட்டுகிறோம்’

இன்னொரு வகை, ‘சப்வென்ஷன்’ திட்டம். 5 அல்லது 10 சதவீதம் மட்டும் நீங்கள் கட்டினால் போதும், பெரும்பகுதிக்கு வங்கிக் கடன், வீடு முடியும்வரை வட்டி பில்டர் பொறுப்பு. அதே 48 லட்சத்துக்கு மாத வட்டி 34,000 ரூபாய். பில்டர் கட்டும்வரை பிரச்சினை இல்லை. அவர் நிறுத்திய மாதம் வங்கி உங்களைத் தேடி வரும். ஏனென்றால் கடனாளி நீங்கள்தான். 90 நாள் தவணை நின்றால் கணக்கு வாராக்கடன். சிபில் மதிப்பெண் சரியும். வீடோ பாதித் தூணில் நிற்கும்.

டெல்லியை ஒட்டிய நொய்டா, கிரேட்டர் நொய்டாவில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு நேர்ந்தது இதுதான். வாடகை ஒரு பக்கம், வராத வீட்டுக்கு வட்டி மறு பக்கம். கட்டுமானம் நடக்கும் அளவுக்கேற்பவே பணத்தை விடுவிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே எச்சரித்தது. பில்டர் தவணை கட்டும் திட்டங்களைத் தவிர்க்கும்படி வீட்டுக்கடன் நிறுவனங்களுக்கு தேசிய வீட்டுவசதி வங்கி 2019-ல் அறிவுறுத்தியது. பில்டர்களும் வங்கிகளும் கைகோத்ததாக எழுந்த புகார்களில், 22 வழக்குகளைப் பதிவு செய்ய சி.பி.ஐ.க்கு 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அனுமதி தந்தது.

கையெழுத்துக்கு முன்

ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் திட்டம் பெற்ற பதிவு எண்ணை அந்த ஆணைய இணையதளத்தில் நீங்களே சரிபாருங்கள். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்க பில்டருக்குச் சட்டப்படி உரிமை இல்லை. வாங்குபவர்களிடம் பெறும் பணத்தில் 70 சதவீதம் அந்தத் திட்டத்துக்கான தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். சொன்ன தேதியில் வீடு தராவிட்டால் வட்டியோடு பணத்தைத் திரும்பக் கேட்கலாம். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று இரண்டையும் பில்டர் கைகாட்டும் வக்கீலிடம் கொடுக்காமல், உங்களுக்குத் தெரிந்த வக்கீலிடம் காட்டுங்கள்.

கடைசியாக, நீங்கள், பில்டர், வங்கி மூவரும் கையெழுத்திடும் முத்தரப்பு ஒப்பந்தத்தில் ஒரே ஒரு பிரிவைத் தேடுங்கள்: பில்டர் வட்டி கட்டத் தவறினால் யார் கட்ட வேண்டும்? நகலை வீட்டுக்கு எடுத்துப்போய் நிதானமாகப் படிக்க ஒரு வாரம் கேளுங்கள். ‘ஆஃபர் இன்னைக்கு மட்டும்தான் சார்’ என்று பதில் வந்தால், கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.